விருதுநகர் வெயிலில் ஒரு ரேடியேட்டர்

நீங்கள் விருதுநகருக்குப் போயிருக்கிறீர்களா? போகாவிட்டாலும் பாதகமில்லை. மிளகாய் வற்றலும் பருப்பும் எண்ணெயும் மொத்தமாக விலை பேசப்படுகிற ஊர் அது. உங்கள் வீட்டுச் சமையலறைக்கு அது எப்போதோ வந்திருக்கும். காமராஜர் பிறந்த ஊரும் அதுதான். அவர் வாழ்ந்த வீட்டைப் பார்க்க வேண்டும், சிவகாசியில் காலண்டர் அச்சாவதைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் ஆசைப்பட்டு மதுரையிலிருந்து புறப்பட்டவள், ஒரு பகலில் முக்கால்வாசியை ரேடியேட்டர் பட்டறை வாசலில் கழித்தேன் என்றால் சிரிக்க மாட்டீர்களே?

எல்லாம் என் கொழுந்தன் வண்டியால் வந்த வினை. மகிந்திரா எஃப்.சி.150 என்று 1960களில் நம் நாட்டில் வந்த பிக்கப். மூக்கே இல்லாத மொட்டை முகம். எஞ்சின், டிரைவருக்கும் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் நடுவில் ஒரு மூடிக்கு அடியில் இருக்கும். எஞ்சினுக்குக் காய்ச்சல் கண்டால் முதலில் தெரிவது டிரைவரின் இடது காலுக்குத்தான்! மாமா காலத்திலிருந்து சிவகாசி அச்சகங்களுக்குக் காகிதம் கொண்டுபோய்க் காலண்டர் கட்டுகளோடு திரும்பும் வண்டி. பழைய பெட்ரோல் எஞ்சின் ஓய்ந்துபோகவே, உடைத்த ஜீப் ஒன்றிலிருந்து பெஜோ டீசல் எஞ்சினை வாங்கிப் பொருத்தி, அனுமதி பெற்றுப் பதிவுப் புத்தகத்திலும் ஏற்றிவிட்டான் தம்பி. அன்றிலிருந்து கொதிப்புத்தான். காலண்டர் சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. "இந்தத் தடவையும் வழியில் நின்றால் காயலான் கடைக்குத்தான்" என்று மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசி. இரு பக்கமும் கரிசல் காடு, சீமைக் கருவேலம், தூரத்தில் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி நிற்கும் பட்டாசு ஆலை அறைகள். ஒன்றில் விபத்து நேர்ந்தால் அடுத்ததற்குத் தாவக்கூடாது என்றுதான் அந்த இடைவெளி. ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று, மறு வருஷம் இங்கே வந்து ஆரம்பித்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே, அதனால் அச்சகம், கூடவே பட்டாசு. வானம் பொய்த்த ஊரின் காய்ந்த காற்று தீக்குச்சிக்கு ஏற்றதாயிருந்தது. அதே வெயில்தான் ரேடியேட்டருக்கு எமன்.

நெடுஞ்சாலையில் சமர்த்தாக வந்த வண்டி, சிவகாசிக் கடைத்தெரு நெரிசலில் ஊர்ந்ததும் புஸ்ஸென்று ஆவி விட்டது. மக்கள் விலகி ஓடினார்கள். பட்டாசு ஊரில் புகை கிளம்பினால் ஓடாமல் என்ன செய்வார்கள்? வண்டியில் காகிதம்தான் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லித் தம்பிக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

நின்று நின்று விருதுநகர் திரும்பினோம். பட்டறை அண்ணாச்சி வண்டியைப் பார்க்குமுன் ஒரு கேள்வி கேட்டார்.

"வேகமாப் போகையில கொதிச்சுதா, ஊர்ந்து போகையில கொதிச்சுதா?"

"ஊர்ந்தப்பத்தான் அண்ணாச்சி" என்றேன்.

"அப்ப ரேடியேட்டர் சின்னதுன்னு சொல்ல முடியாது தாயி. காத்துதான் போகலை."

புது எஞ்சினுக்குப் பெரிதாக இருக்கட்டுமே என்று தம்பி நாலு வரிசைக் குழாய் வைத்த தடித்த ரேடியேட்டரை மாட்டியிருந்தான். எரிகிற எண்ணெயின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீரில்தான் இறங்குகிறது. அதைக் காற்றிடம் ஒப்படைப்பதுதான் ரேடியேட்டரின் வேலை. முதல் வரிசையைத் தாண்டும்போதே காற்று சூடாகிவிடும். நாலாவது வரிசைக்கு அது என்ன குளிர்ச்சி தரும்? வேகமாகப் போனால் எதிர்க்காற்று இடித்துக்கொண்டு நுழையும். மெதுவாகப் போகையில் விசிறிதான் இழுக்கவேண்டும். தம்பியின் விசிறியோ ஒரு சாண் பின்னால், கூடு எதுவும் இல்லாமல் வெறுங்காற்றை விசிறிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி எடுத்துக் காட்டியது டீசல் ஜீப்பின் மூன்று வரிசை ரேடியேட்டர். தடிமன் குறைவு, முகம் அகலம். பின்னால் தகரக் கூடு அடித்து விசிறியை அதற்குள் வைத்தார். அலுமினியம் எடை குறைவுதானே என்று நான் கெட்டிக்காரத்தனமாகக் கேட்டேன். "நல்லதுதான் தாயி. இந்த ரோட்டுல குலுங்கி விரிசல் விட்டா இங்க யாரு ஒட்டுவா? பித்தளைன்னா நானே ஈயம் வச்சுப் பத்திருவேன்" என்றார். நம் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவர்கள் ஞாபகம் வந்தது.

மூடி விஷயத்தில் நமக்குப் பாடமே வேண்டாம். குக்கரேதான்! குக்கர் வெயிட்டின் பதினைந்து பவுண்டு அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 120 டிகிரியில் கொதிக்கிறது. ஏழு பவுண்டு மூடி போட்ட ரேடியேட்டரில் சுமார் 110 டிகிரியில். அப்படியானால் பெரிய மூடியே போடலாமே என்று தோன்றும். பழைய பித்தளைத் தொட்டியின் பற்று விட்டுவிடுமாம்.

பழைய ரேடியேட்டரின் தொட்டியைக் கழற்றிக் காட்டினார். குழாய் வாயெல்லாம் வெள்ளைக் காரை, நம் வெந்நீர்த் தவலையின் அடியில் படிவதே அது. போர்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி வந்த வினை. அந்தக் காரை இருந்தால் எத்தனை வரிசை வைத்தும் பிரயோஜனமில்லை. காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்டும் கலந்து ஊற்றினார். கொதிக்கிறதே என்று தம்பி பிடுங்கி எறிந்திருந்த தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் புதிது ஒன்றையும் வைத்தார். அதற்குத் தம்பிக்குத் தனியாக அர்ச்சனை.

ஹோஸ் வாய் எதிர்ப்பக்கம் இருந்ததை மாற்றிப் பற்றுவைத்து முடிக்க இருட்டிவிட்டது. எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு உறவினர் வீட்டில் தங்கினோம்.

மறுநாள் உச்சி வெயில், அதே சிவகாசிக் கடைத்தெரு. முன்னே ஒரு மாட்டுவண்டி, பின்னே இரண்டு லாரி. முள் நடுவில் ஏறி அங்கேயே நின்றது. அச்சக வாசலில் இறங்கியதும் தம்பி, "ஒரு தடவை திறந்து பார்த்துடறேன் மதினி" என்று மூடியில் கை வைத்தான்.

"எடு கையை! குக்கரை இப்படித்தான் திறப்பியா?" என்று நான் போட்ட சத்தத்தில் அச்சகத்துக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள்.