அழுத்தப்படாத அழைப்பு மணி



சென்ற பள்ளி விடுமுறையின் பெரும்பகுதியை ஒரு மருத்துவமனையின் பெண்கள் பிரிவில் கழித்தேன். வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்த என் தாயாருக்கு இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை நடந்திருந்தது. இரவில் அவருடைய கட்டிலருகே நாற்காலியில் அமர்ந்தபடியே உறங்குவேன்.

கட்டிலோரத்தில் ஒரு பொத்தான் தொங்கும். அதை அழுத்தினால் தாதியர் முகப்பில் மணி ஒலிக்கும்; அறைவாசலின் மேல் விளக்கு எரியும். தாதி கட்டிலருகே வந்து அணைக்கும்வரை அவ்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இதன் கரு பழைமையானது. 1853ஆம் ஆண்டில் இலண்டன் ஹார்லி தெருவில் பெண்களுக்கான ஒரு சிறு மருத்துவ இல்லத்தின் பொறுப்பை ஏற்ற புளோரன்ஸ் நைட்டிங்கேல், ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு மணி வேண்டும் என்றார். அது ஒலித்ததும் ஒரு மூடி திறந்துகொண்டு, அழைத்தவர் யார் என்று தாதி காணும்படி திறந்தே நிற்க வேண்டும் என்றும் கேட்டார். ஒலி ஓய்ந்தாலும் அழைப்பு ஓயக்கூடாது என்பதே அதன் பொருள்.

முதல் இரவில் அம்மா நான்கு முறை மணியை அழுத்தினார். ஒருமுறை தண்ணீர், ஒருமுறை தலையணை, இருமுறை கழிவறை. மூன்றாம் முறை தாதி வருவதற்கு ஏறத்தாழ இருபது நிமிடம் ஆயிற்று. என் சினமெல்லாம் தாதியர்மீதுதான். ஆனால் அதை நான் கொட்டியது அம்மாவிடம்.

“சும்மா சும்மா அழுத்தாதீங்கம்மா. அவங்களுக்கு வேற வேலை இல்லையா?”

அம்மா ஒன்றும் சொல்லாமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் இரவு மூன்று மணியளவில் ஏதோ விழுந்த ஓசை கேட்டு விழித்தேன். அம்மா தரையில் கிடந்தார். பொத்தான் அதே இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தாதியர் ஓடி வந்தனர். கட்டிலில் கிடத்தியபின் அம்மா மெல்லச் சொன்னார்: “பாவம், அந்தப் பிள்ளைங்க எத்தனை பேரைத்தான் பார்ப்பாங்க. நீயும் அசந்து தூங்கிட்டு இருந்தே.”

ஊடுகதிர்ப் படத்தில் அறுவை செய்த இடம் பழுதின்றித் தெரிந்தது. இறைவனுக்கு நன்றி சொன்னேன். ஆயினும் என் நெஞ்சம் ஆறவில்லை.

விடியற்காலையில் மூத்த மலாய்த் தாதி ஒருவர் என்னிடம் பேசினார். எல்லா மணியும் ஒரே ஒலிதான். ஆனால் எல்லா அழைப்பும் ஒன்றல்ல என்றார். கழிவறையிலிருந்து வரும் அழைப்பென்றால் விழுந்திருக்கலாம் என்றே ஓடுவார்களாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இரத்தக் கசிவு எனில் மற்ற யாவும் காத்திருக்க வேண்டும். தம் குறையையும் அவர் மறைக்கவில்லை. சில வேளைகளில் விளக்கை அணைத்துவிட்டு, “இதோ வருகிறேன்” என்று சொல்லிச் செல்வோம். வழியில் வேறொருவர் அழைப்பார். முதலில் அழைத்தவர் மறந்து போவார். அது எங்கள் பிழை என்றார். பிறகு அவர் சொன்னது இன்றும் காதில் ஒலிக்கிறது: “அடிக்கடி அழைப்பவரைக் குறித்து எனக்குப் பயமில்லை. அழைக்காதவரைக் குறித்துத்தான் பயம்.”

அதன்பின் அம்மாவின் கையைப் பிடித்து, “அம்மா, ஜாங்கான் மாலு” என்றார். வெட்கப்படாதீர்கள் என்று பொருள்.

அன்றிரவு முதல் அவர் பணியில் இருந்தபோதெல்லாம் மணி ஒலிக்கக் காத்திராமல், மணிக்கொரு முறை தாமே வந்தார். வலிக்கிறதா, கழிவறைக்குப் போக வேண்டுமா, புரண்டு படுக்க வேண்டுமா என்று வினவுவார். தண்ணீரும் மூக்குக்கண்ணாடியும் பொத்தானும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளனவா என்று பார்ப்பார். போகும்போது, “வேறு ஏதேனும் வேண்டுமா? எனக்கு நேரமிருக்கிறது” என்பார். அம்மா மணியை அழுத்தும் தேவையே அரிதாயிற்று.

பின்னர் இதுபற்றித் தேடிப் படித்தேன். 2006ஆம் ஆண்டு அமெரிக்கத் தாதியர் இதழொன்றில் வெளியான ஓர் ஆய்வும் இதையே காட்டியது. மணிக்கொரு முறை சுற்றிவந்த பிரிவுகளில் மணியழைப்புகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. நோயாளிகள் விழுவதும் குறைந்தது.

இதை ஏன் ஆசிரியர்களுக்கு எழுதுகிறேன்? சில ஆண்டுகளுக்கு முன் என் முதலாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். அடிக்கடி கை தூக்குவான். கழிவறைக்குப் போக வேண்டும் என்பான். ஒருநாள் பொறுமையிழந்து, “சும்மா சும்மா கை தூக்காதே” என்றேன். அடுத்த வாரம் அவன் காற்சட்டையும் நாற்காலியும் நனைந்திருந்தன. “ஏன் கேட்கவில்லை?” என்று அவனையே கடிந்துகொண்டேன். அவன் தலைகுனிந்து நின்றான். அம்மாவிடம் நான் சொன்னதும் அதே சொற்கள்தாம் என்பது மருத்துவமனை நாற்காலியில் இருந்தபோதுதான் உறைத்தது.

இப்போது பாடவேளையில் இரண்டு முறையேனும் மேசை மேசையாகச் சுற்றி வருகிறேன். கை தூக்காத பிள்ளையிடம் முதலில் நிற்கிறேன். உடனே கவனிக்க இயலாதபோது, “இவனுக்கு இந்தக் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டு உன்னிடம் வருவேன்” என்று சொல்லி, சொன்னபடியே செல்கிறேன். அடுப்படியில் நிற்கும்போது பிள்ளை அழைத்தால் “இதோ” என்று சொல்லும் பெற்றோரும், அந்த ‘இதோ’வை மறவாதிருத்தல் நலம்.

அம்மா இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறார். தொடக்க நாள்களில் இரவில் என்னை அழைக்கவே மாட்டார். நேற்றிரவு மூன்று முறை அழைத்தார். மூன்று முறையும் எழுந்து சென்றேன். தூக்கம் கெட்டது, மனம் நிறைந்தது.