கட்டி இல்லாதிருந்தால்?



கடலூரில் மதரஸா மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் நாம், வயிற்றை உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் மூன்றாகப் பகுத்துக்கொள்ளச் சொல்லும் நபிமொழியைப் பலமுறை விளக்கியிருக்கிறோம். சிதம்பரத்தில் வசிக்கும் நம் மூத்த சகோதரர், உடல் பருமனைக் குறைக்க அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போவதாகக் கூறியபோது அந்த நபிமொழியையே அவர்மீது கல்லாக எறிந்தோம். "நாவை அடக்கினால் கத்தி எதற்கு, அண்ணே?" என்றோம். அவர் பதில் சொல்லவில்லை. நீரிழிவும் மூட்டுவலியுமாக அவர் நாற்காலியில் அமர்ந்து தொழுததை நாம் கண்டும் காணாதிருந்தோம்.

அவர் செய்துகொண்டது 'ஸ்லீவ்' சிகிச்சை. இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை அகற்றி, எஞ்சியதைக் குழாய்போல் ஆக்குவார்கள். அறுவையின்போது இரைப்பையின் வெளிச்சுவரில் சுண்டைக்காய் அளவுக் கட்டியொன்று மருத்துவர் கண்ணில் பட்டது. அகற்றவேண்டிய பகுதியிலேயே இருந்ததால் அதையும் சேர்த்து எடுத்துவிட்டார். முன்னர் செய்த எண்டோஸ்கோப்பியில் அது தெரியவில்லை. அக்கருவி உட்பரப்பைக் காட்டும். வெளிநோக்கி வளரும் சிறு கட்டி அதில் அகப்படாமல் போவதுண்டு.

பயாப்ஸி முடிவில் அது 'ஜிஸ்ட்' எனும் புற்றுக்கட்டி வகை என்று தெரிந்தது. உடல் பருமனுக்கான அறுவைகளில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இது தென்படுகிறது. சிறியதாய் இருக்கையிலேயே முழுமையாக அகற்றப்பட்டதால் தொடர் பரிசோதனை போதும் என்றார் மருத்துவர். பரவியிருந்தால் இமாடினிப் மாத்திரை தேவைப்பட்டிருக்கும். அம்மருந்துக்கான காப்புரிமைக் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று நிராகரித்தது. அதனால் இந்திய நிறுவனங்கள் குறைந்த விலையில் அதைத் தொடர்ந்து தயாரிக்க வழி பிறந்தது.

நலம் விசாரிக்க வந்தோர், "இந்தக் கட்டியைக் காட்டத்தான் அல்லாஹ் பருமனையே தந்தான்" என்றனர். அவனது நாட்டத்தின் காரணத்தை அறிந்தவர்போல் பேச நமக்குத் துணிவில்லை. நம் பிழை மட்டும் நமக்குத் தெரியும். சிதம்பரம் சென்று அவர் கையைப் பற்றி மன்னிப்புக் கேட்டோம்.

"தம்பி, கட்டி இல்லாதிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பாயா?" என்றார் அண்ணன்.

நம்மிடம் பதில் இல்லை. கட்டி கண்டறியப்படுவதற்கு முன்பும் அவர் நோயாளியாகவே இருந்தார். சிகிச்சை தேடியது அவரது உரிமை. புற்று என்ற சொல் வந்த பிறகே நம் இதயம் இளகியது.

சகோதரர்களே, உடலிலிருந்து எதை அகற்றினாலும் அதன் பயாப்ஸி முடிவைக் கேட்டு வாங்குங்கள். பருமனால் துன்புறுபவர் உங்கள் வீட்டில் இருந்தால், உபதேசத்திற்கு முன் அவரது வலியைக் கேளுங்கள். வல்ல அல்லாஹ் நம் நாவுகளின் பிழைகளைப் பொறுத்தருள்வானாக. ஆமீன்.