அவன் ஓடிப்போனவனா?



நம் பள்ளி கால்பந்து டீமில் இரண்டாவது கோல்கீப்பராக இருந்தவனை உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டு வருஷம் தினமும் காலை ஐந்தரை மணிக்கு கிரவுண்டுக்கு வந்தான். ஒரு மேட்சில்கூட உள்ளே இறங்கவில்லை. பூட்ஸ், கிளவுஸ், பஸ் காசு எல்லாம் அவன் வீட்டுப் பணம். போன ஜூன் மாதம் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போய்விட்டான். அங்கே அவன்தான் முதல் கோல்கீப்பர் என்று தெரிந்ததும் எங்களுக்கு வந்தது பாருங்கள் கோபம்! கிரவுண்டு ஓரத்தில் அவன் எப்போதும் உட்காரும் சிமெண்ட் பெஞ்சில் கரிக்கட்டையால் 'ஓடிப்போனவன்' என்று பெரிதாக எழுதினோம். எழுதினோம் என்ன, எழுதியது நான்தான்.

காலாண்டு லீவில் என் சித்தப்பா ஊருக்கு வந்திருந்தார். அவருக்கு அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தில் வேலை. அவரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அவனுக்கு உங்க டீம்ல என்னடா குடுத்தீங்க?" என்று கேட்டார். நான் முழித்தேன். "அப்ப பேக்கர் மேஃபீல்டு கதையைக் கேளு" என்றார்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் சொன்ன ஃபுட்பால் நாம் ஆடுவது இல்லை. முட்டை மாதிரி நீளமான பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள். அங்கே கல்லூரிப் பையன்கள் ஆடுவதைப் பார்க்கவே சில மைதானங்களில் ஒரு லட்சம் பேர் கூடுவார்களாம்.

ஒரு டீமில் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். ஆனால் எல்லோருக்கும் உதவித்தொகை கிடைக்காது. ஒரே பணக்காரக் கல்லூரி நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் அள்ளிக்கொள்ளக் கூடாது, செலவும் கட்டுக்குள் இருக்கவேண்டும் என்று, என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு இதற்கு ஓர் எல்லை வைத்தது. 1973-இல் 105 பேர், 1978-இல் 95 பேர், 1990-களில் 85 பேர் என்று அது குறைந்தது. மீதிப் பேர் சொந்தக் காசில் ஃபீஸ் கட்டிக்கொண்டு ஆடவேண்டும். அவர்களை 'வாக்-ஆன்' என்பார்கள்.

மேஃபீல்டு அப்படி ஒரு வாக்-ஆன். 2013-இல் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதல் வருஷப் பையனாக இருந்தும் சீசனின் முதல் ஆட்டத்திலேயே இறங்கினார். சீசன் முடிந்ததும் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கேயும் வாக்-ஆன்தான். இரண்டும் 'பிக் 12' என்ற ஒரே கூட்டமைப்பில் இருந்தன. அந்தக் கூட்டமைப்புக்குள் இடம் மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்காரவேண்டும். அதோடு அவர் ஆடக்கூடிய நாலு வருஷத்தில் ஒன்றும் கழிந்துவிடும். உதவித்தொகை வாங்காதவருக்கும் இதே தண்டனை! 2014 முழுக்க அவர் உட்கார்ந்திருந்தார். 2016-தான் கடைசி வருஷம் என்று ஆகிவிட்டது.

2016 ஜூனில், பழைய பல்கலைக்கழகம் உதவித்தொகை தர முன்வராத வாக்-ஆன்களுக்கு இந்த விதியைத் தளர்த்தலாமா என்று கூட்டமைப்பின் 10 பல்கலைக்கழகங்களும் ஓட்டுப் போட்டன. முதலில் 5-க்கு 5. தோற்றுவிட்டது. மறுநாள் கொஞ்சம் திருத்தி மறுபடி ஓட்டெடுத்தார்கள். 7-க்கு 3. ஜெயித்துவிட்டது! போயிருக்கவேண்டிய 2017-ஆம் வருஷம் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அந்த வருஷம்தான் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதை அவர் வாங்கினார். 2022-இல் ஓக்லஹோமா மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலையும் வைத்தார்கள். சித்தப்பா அந்தப் படத்தைக் காட்டினார்.

"காசும் குடுக்கல, ஆனா போகவும் விடமாட்டேன்னா எப்படிடா?" என்றார் சித்தப்பா. எனக்கு அந்தச் சிமெண்ட் பெஞ்ச் ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு விதிகள் நிறையவே மாறிவிட்டன. 2018-இல் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்ற பட்டியல் வந்தது. கோச்சிடம் அனுமதி கேட்டு நிற்கவேண்டாம், பெயரைப் பதிந்தால் போதும். 2021-இல் முதல் முறை மாறுகிறவர்கள் ஒரு வருஷம் உட்காரவேண்டாம் என்றார்கள். 2024-இல், படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்றார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் இன்னொரு பக்கமும் உண்டு. வெளியிலிருந்து ஒருவன் வந்தால், உள்ளே இருக்கிற ஒருவனுடைய இடம் போகும். 2025-இல் ஒரு வழக்கின் சமரசத்தால் 85 என்ற எல்லை எடுக்கப்பட்டது. அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்கள் டீமில் உள்ள எல்லோருக்குமே உதவித்தொகை தரலாம். ஆனால் டீமில் 105 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. விளைவு என்ன? விதி அமலுக்கு வரும் முன்னரே பல வாக்-ஆன்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். நீதிபதி கிளாடியா வில்கன் இவர்களுக்கு ஒரு வழி சொல்லாமல் ஒப்புதல் தர மறுத்தார். அப்படி இடம் இழந்தவர்களைத் திரும்ப எடுத்தால் அவர்கள் 105 என்ற கணக்கில் வரமாட்டார்கள் என்று திருத்தியபிறகே, ஜூன் 6-ஆம் தேதி ஒப்புதல் தந்தார். ஆனாலும் திரும்ப எடுப்பதும் எடுக்காததும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பம்.

இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. நம் டீம் லிஸ்ட்டில் 16 பேர். நான்தான் 16-வது ஆள். நாளைக்கே வேறு பள்ளியிலிருந்து நல்ல ஃபார்வர்டு ஒருவன் வந்தால் என் பெயர்தான் போகும். அப்போது பெஞ்சில் நான் யாரைப் பற்றி எழுதுவேன்?

நான் யோசித்து வைத்திருப்பது இதுதான். ஆட வாய்ப்புத் தேடிப் போகிறவனைப் பிடித்து வைக்கவும் கூடாது, திட்டவும் கூடாது. அதே சமயம் இத்தனை நாள் கூடவே ஓடியவனை, எண்ணிக்கை சரியாக வரவேண்டும் என்பதற்காக ஒரே நாளில் வெளியே தள்ளவும் கூடாது. எண் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். 85-ஆவது ஆளுக்கும் 86-ஆவது ஆளுக்கும் காலை ஐந்தரை மணி ஒன்றுதான்.

பள்ளி திறந்த அன்று ஒரு பக்கெட் தண்ணீரும் தேங்காய் நாரும் கொண்டுபோய் அந்தப் பெஞ்சைத் தேய்த்துக் கழுவினேன். பி.டி. சார் பார்த்துவிட்டு, "என்னடா அதிசயம்?" என்றார். "சும்மா சார்" என்றேன்.

அடுத்த மாதம் மண்டலப் போட்டிக்கு அவனும் வருவான், எதிர் டீமில். மேட்ச் தொடங்கும் முன் அவனிடம் போய் 'ஸாரிடா' சொல்லவேண்டும். அவன் பேசாமல் போனாலும் போகட்டும். நான் சொல்லிவிடுவேன்.



— 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்