பட்டியலில் விடுபட்ட பெயர்

2025-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களின் இறுதி வாரத்தில், தில்லியில் பணிபுரியும் என் மகளைக் காணச் சென்றிருந்தேன். பாலக்கோட்டை விட்டு நெடுந்தொலைவு செல்லும் வழக்கம் எனக்கில்லை. தக்காளி மண்டியின் இரைச்சலும், கரும்பு வண்டிகள் சர்க்கரை ஆலைக்குச் செல்லும் சாலையும், மாலையில் கோவில் மணியும்தான் பணி ஓய்வுக்குப் பின் என் உலகம். "அப்பா, பாட்டென்றால் உங்களுக்கு உயிராயிற்றே! சனிக்கிழமை ஒரு விழாவுக்கு அனுமதிச் சீட்டு வாங்கியிருக்கிறேன்" என்றாள் மகள். 'ஜஹான்-இ-குஸ்ரோ' என்பது விழாவின் பெயர். 'குஸ்ரோவின் உலகம்' என்று பொருளாம்.

அதற்கு முன், வியாழன் மாலையில் அவள் என்னை நிஜாமுதீன் தர்காவுக்கு அழைத்துச் சென்றாள். குறுகிய சந்துகளில் ரோஜா இதழ் விற்போரையும் ரொட்டி சுடுவோரையும் கடந்து உள்ளே நுழைந்தோம். அங்கே இரண்டு கல்லறைகள். ஒன்று குருவாகிய நிஜாமுதீன் அவுலியாவுடையது. மற்றொன்று அவருடைய சீடரும் கவிஞருமான அமீர் குஸ்ரோவுடையது. இருவரும் 1325-இல் சில மாத இடைவெளியில் மறைந்தவர்கள். வருகிறவர்கள் முதலில் சீடருக்கு வணக்கம் செலுத்திவிட்டுத்தான் குருவிடம் செல்ல வேண்டுமாம். அன்பு மிகுந்த வீடுகளில் நடக்கும் முறை அது என்று எண்ணிக்கொண்டேன்.

நிஜாமுதீன் அவுலியாவைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. நோன்பு முடித்து உணவு எடுக்கும் வேளையில், நகரின் பள்ளிவாசல் மூலைகளில் பசியோடு கிடப்போரை நினைத்து, அவருக்குக் கவளம் தொண்டையில் இறங்குவதில்லையாம். அவருடைய சமையற்கூடத்தில் யார் எவர் என்று கேளாமல் உணவிட்டனர். அன்று மாலை அந்த முற்றத்தில் கவ்வாலி பாடியபோதும் யாரும் யாரையும் கேட்கவில்லை. தலையில் முக்காடிட்ட இந்துப் பெண்களும், வெளிநாட்டு இளைஞர்களும், கால்களை மடக்கி அமர்ந்த பாலக்கோட்டுக் கத்தோலிக்கனாகிய நானும் ஒரே தரையில் இருந்தோம்.

சனிக்கிழமை மாலை விழாவுக்குச் சென்றோம். தர்காவிலிருந்து நடக்கும் தொலைவில், ஹுமாயூன் கல்லறையை அடுத்துள்ள சுந்தர் நர்சரி என்னும் தோட்டத்தில் மேடை அமைத்திருந்தனர். ஒரு காலத்தில் பாழடைந்து கிடந்த முகலாயர் காலக் கட்டடங்களைச் சீர்செய்து, 2018-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இடம் அது. 'உம்ராவ் ஜான்' திரைப்படத்தை இயக்கிய முசாபர் அலி 2001-இல் தொடங்கிய விழா, 2025-இல் 25-ஆம் ஆண்டை எட்டியிருந்தது. முதல் நாளாகிய பிப்ரவரி 28 அன்று பிரதமரே வந்து கலந்துகொண்டதால் நகரமே அதைப் பற்றிப் பேசிற்று.

ஓர் ஆசிரியனாக எத்தனையோ ஆண்டு விழாக்களை நடத்தியவன் நான். ஆகவே பாட்டைவிட ஏற்பாடுகளின் மீதுதான் முதலில் என் கண் சென்றது. பழைய கட்டடமே மேடைக்குப் பின்திரையாக இருக்கும்படி இடம் தேர்ந்திருந்தார்கள். ஆரவாரமான விளக்குகள் இல்லை. பாரசீகத்திலும், துருக்கியிலும், நம் நாட்டுச் சிற்றூர்களிலும் வழங்கும் மரபுகளை ஒரே மேடைக்குக் கொண்டுவருவது இவ்விழாவின் நோக்கம். மொழி புரியாதவனுக்கும் பொருள் எட்ட வேண்டும். அதே வேளையில் தொழுகையாகப் பிறந்த பாட்டு வேடிக்கைப் பொருளாகவும் ஆகிவிடக் கூடாது. இது எளிய காரியமன்று.

இத்தகைய முயற்சி உலகில் வேறு இடங்களிலும் உண்டு. மொராக்கோ நாட்டின் ஃபெஸ் நகரில், 1991-இன் வளைகுடாப் போர் மனிதரிடையே விளைத்த கசப்புக்கு மருந்தாக, ஃபௌசி ஸ்காலி என்னும் அறிஞர் 1994-இல் உலகப் புனித இசை விழாவைத் தொடங்கினார். துருக்கியின் கொன்யாவில் ஜலாலுதீன் ரூமியின் மறைவு நாளாகிய டிசம்பர் 17-ஐ ஒட்டி, வெண்ணிற ஆடையினர் சுழன்று இறைவனை நினைக்கும் சமா நிகழ்கிறது. நம் தமிழகம் இதற்குப் பின்தங்கியதன்று. நாகூரில் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக 14 நாள் கந்தூரி விழா நடைபெறுகிறது. அங்குள்ள ஐந்து மினாராக்களில் 131 அடி உயரமுள்ள பெரியதைக் கட்டித்தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். அதே கடற்கரையில் சற்றுத் தெற்கே நம் வேளாங்கண்ணி. இரண்டு இடங்களுக்கும் ஒரே பயணமாகச் சென்றுவரும் குடும்பங்களை நாம் அறிவோம். தக்கலையில் பீர் முகமது அப்பாவின் நினைவு நாளில், அவர் இயற்றிய 'ஞானப்புகழ்ச்சி'யை ஊரார் கூடி இரவு முழுவதும் பாடுகின்றனர். தொண்டிக்கு அருகே பிறந்து, 1838-இல் சென்னையில் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு, இறைவனை மனோன்மணி என்னும் பெண்ணாகப் பாவித்துப் பாடினார். அவர்மீது நான்மணிமாலை பாடியவர் திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் என்னும் சைவர்.

இவற்றையெல்லாம் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று மாலை, மேடையில் ஒருவர் வட்டமான தப்பு ஒன்றை மார்போடு அணைத்து, விரல் நுனிகளால் மெல்லத் தட்டத் தொடங்கியதும், என் படிப்பெல்லாம் கலைந்துபோயிற்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் மூடி வைத்திருந்த ஒன்று எழுந்து வந்தது.

1993-ஆம் ஆண்டு டிசம்பர். பாலக்கோட்டுக்குச் சற்றுத் தொலைவிலுள்ள ஓர் ஊரில் அப்போது நான் ஆசிரியனாக இருந்தேன். முந்திய ஆண்டின் டிசம்பரில் அயோத்தியில் நிகழ்ந்ததன் புகை நாடெங்கும் அடங்காதிருந்த காலம். ஊரில் மதங்களுக்கிடையே நல்லுறவு வளரவென்று கிறிஸ்து பிறப்பு ஒப்புரவு விழா ஒன்று நடத்த முடிவாயிற்று. நிகழ்ச்சிகளை வகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

எங்கள் தெருவுக்கு மாதம் ஒருமுறை ஒரு பெரியவர் வருவார். பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவது அவர் தொழில். தரையில் குழி தோண்டித் துருத்தி வைத்துக் கரி மூட்டுவார். பாத்திரம் காய்ந்ததும் நவச்சாரத்தைத் தூவுவார்; வெண்புகை எழும். ஈயத்தைத் தொட்டுத் துணியால் ஒரு சுற்றுச் சுற்றினால் உட்புறம் நிலவுபோல் ஒளிரும். வேலை முடிந்ததும், பையிலிருந்து தாயிராவை எடுத்துப் பிள்ளைகளுக்காக ஒரு பாட்டுப் பாடுவார். வீட்டில் அவர்கள் பேசுவது உருது. ஆனால் நாகூர் ஆண்டவரைப் பாடும்போது தமிழ்தான் வரும். அவருடைய மகன் மண்டியில் கணக்கு எழுதுபவர், என் நண்பர். "விழாவில் நீங்கள் ஒரு பாட்டுப் பாட வேண்டும், பாய்" என்று நானே அவர்கள் வீடு சென்று கேட்டேன். பெரியவர் என் கைகளைப் பிடித்துத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, சிலர் என்னிடம் வந்து முணுமுணுத்தனர். "இந்தச் சமயத்தில் இது தேவையா? ஏதேனும் வம்பு வந்தால் யார் பொறுப்பு?" என்றனர். யாரும் கட்டளையிடவில்லை, மிரட்டவுமில்லை. உறுதியாக நின்றிருந்தால் அடங்கிப்போயிருப்பார்கள். நான் நிற்கவில்லை. அன்றிரவு நிகழ்ச்சிப் பட்டியலில் அவர் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தேன். அதை அவரிடம் சென்று சொல்லும் துணிவும் எனக்கு இல்லை. 'கேள்விப்பட்டு வராமல் இருந்துவிடுவார்' என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

அவர் வந்தார். வெளுத்த ஜிப்பாவும் புதிய தொப்பியும் அணிந்து, தாயிராவைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கடைசி வரிசையில் அமர்ந்தார். நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக முடிந்தன. நல்லுறவைப் பற்றி நான் உரையாற்றினேன். திருச்சபை இசுலாமியரை மதிப்போடு நோக்குகிறது என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த ஏட்டையும் எடுத்துச் சொன்னேன். கடைசி வரிசையை மட்டும் பார்க்கவில்லை. நன்றியுரைக்குப் பின் நிமிர்ந்தபோது அந்த நாற்காலி காலியாக இருந்தது.

சில ஆண்டுகளில் பெரியவர் இறந்தார். அடக்கத்துக்குச் சென்றேன். மகனிடம் எதுவும் சொல்லவில்லை. அவரும் எதுவும் கேட்கவில்லை. அதன்பின் கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் நலம் விசாரிப்போம். அவ்வளவுதான்.

இசை மனித உள்ளத்தில் என்ன செய்கிறது என்பதைப் பற்றி, 1111-இல் மறைந்த இமாம் கசாலி விரிவாக எழுதியிருக்கிறார். நெஞ்சில் இல்லாத ஒன்றை இசை புதிதாகக் கொண்டுவந்து வைப்பதில்லை; அங்கே ஏற்கெனவே கிடப்பதைத்தான் கிளறி எழுப்புகிறது என்பது அவர் கருத்து. நம் புனித அகுஸ்தினாரும் கோவில் பாடல்களில் தாம் அடையும் இன்பத்தைப் பற்றி ஐயுற்று, தம்மையே சோதித்துக்கொண்டவர். தில்லித் தோட்டத்தில் ஆயிரம் பேர் இறையன்பில் தலையசைத்தபோது, என் நெஞ்சில் கிடந்தது வெளியே வந்தது. அது அன்பன்று, வெட்கம்.

ஒரு விழாவை நடத்துவதில் இடம் பார்ப்பதும் பணம் திரட்டுவதும் பெரிய வேலைகள்தாம். அவற்றினும் பெரியது பட்டியல். யாரை அழைப்பது, அழைத்தவரைக் கடைசிவரை அழைத்தவராகவே வைத்திருப்பது எப்படி என்பதில்தான் விழாவின் உயிர் இருக்கிறது. லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன விருந்து உவமையிலும் அழைப்பே பேசுபொருள். அதில் அழைக்கப்பட்டவர்கள்தாம் சாக்குச் சொல்லி வராமல் போனார்கள். என் கதையிலோ அழைக்கப்பட்டவர் வந்துவிட்டார். சாக்குச் சொன்னவன் அழைத்தவன்.

விழா நடந்துகொண்டிருக்கையில், அருகில் இருந்த முதியவர் ஒருவர் தம் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, பிறை தெரிந்துவிட்டதென்று மகிழ்ச்சியோடு பக்கத்தாரிடம் சொன்னார். மறுநாள், மார்ச் 2, ரமலான் முதல் நோன்பு. நமக்கோ மார்ச் 5 சாம்பல் புதன். இரு சமயத்தாரின் நோன்பும் ஒரே வாரத்தில் தொடங்கிற்று. அந்நாள்களில் திருத்தந்தை பிரான்சிஸ் உரோமை மருத்துவமனையில் நோயோடு போராடிக்கொண்டிருந்தார். 2019 பிப்ரவரி 4 அன்று, அபுதாபியில் அல் அஸ்ஹரின் பெரிய இமாமோடு மனித உடன்பிறந்த உறவு பற்றிய ஏட்டில் கையெழுத்திட்டவர் அவர். 1219-இல் சிலுவைப் போரின் நடுவே, படைவரிசையைக் கடந்து எகிப்தின் சுல்தான் மாலிக் அல்-காமிலைச் சந்திக்கச் சென்ற அசிசி ஏழையின் பெயரைத் தாங்கியவர். அந்த ஏழை ஒரு போர்க்களத்தைக் கடந்தார். எனக்குக் கடக்க வேண்டியிருந்தது இரண்டு தெருக்கள் மட்டுமே.

ஞாயிறு இரவு தில்லியில் இரயில் ஏறி, இரண்டு இரவுகள் பயணம் செய்து பெங்களூரு வந்து, ஓசூர், இராயக்கோட்டை வழியாகச் செவ்வாய் இரவு ஊர் சேர்ந்தேன். மறுநாள் காலைத் திருப்பலியில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டேன். நோன்புச் சட்டம் என் வயதினரைக் கட்டுப்படுத்துவதில்லை. எனினும் அன்று நோன்பிருந்தேன். மாலையில், பேரீச்சம்பழம் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு நண்பரின் வீட்டுக்குச் சென்றேன்.

அவர் முற்றத்தில் பாய் விரித்துக்கொண்டிருந்தார். "வாங்க சார், வாங்க" என்றவர் என் நெற்றியைப் பார்த்தார். "உங்களுக்கும் இன்று நோன்பா?"

"ஆமாம் பாய். ஒன்று சொல்ல வந்தேன்" என்றேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முணுமுணுத்தவர்களை, கோடு இழுத்ததை, கடைசி வரிசையைப் பார்க்காமல் பேசியதை. அவர் நெடுநேரம் பேசவில்லை.

"அப்பாவுக்கு அன்றைக்கே தெரியும், சார். பாடவிடவில்லை என்பதற்காக அவர் வருந்தவில்லை. ஊர் நிலைமை அப்படி என்று அவரே சொன்னார். ஆனால் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். 'வாத்தியார் ஏன் என்னிடம் வந்து சொல்லவில்லை?' சாகிறவரை கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை."

"பயந்துவிட்டேன், பாய். அவர் முகத்தைப் பார்க்கப் பயந்துவிட்டேன்."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. உள்ளேயிருந்து நோன்புக் கஞ்சி வந்தது. அவர் தம் மனைவியிடம், "சாருக்கு இது வேண்டாம், கறி போட்டிருக்கிறோம். இன்று அவர்கள் புலால் உண்ணமாட்டார்கள். பழம் கொண்டு வா" என்றார். பிறகு என் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பேரீச்சம்பழத்தை என் கையில் வைத்தார். "முதலில் தண்ணீர் குடியுங்கள், சார்."

விடைபெறும்போது, உள்ளறைச் சுவரில் ஆணியில் தொங்கிய தாயிராவைக் கண்டேன். தோல் தளர்ந்திருந்தது. "தணலில் காட்டினால் இறுகிவிடும்" என்றார் நண்பர். "என் பேரனுக்கு ஆசை. அப்பாவின் பாட்டு இரண்டு அவனுக்குத் தெரியும்."

வருகிற கிறிஸ்து பிறப்பு விழாவில் அந்தச் சிறுவன் பாடுவானா என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்கும் உரிமையை நான் இனிமேல்தான் ஈட்ட வேண்டும். ஆனால் அடுத்த மாலையும் அந்த முற்றத்துக்குச் சென்றேன். அங்கே எனக்கும் ஒரு பாய் விரித்திருந்தது.