செவிக்கு ஒரு சோடி

கேள்விக்கென்று தனியாக ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார் வள்ளுவர். அவர் காலத்தில் நல்லதைக் கேட்க வேண்டுமானால் நல்லவர்களைத் தேடிப் போக வேண்டியிருந்தது. இன்று அவர்கள் நம் சட்டைப் பைக்குள், கைப்பேசியில் வந்து அமர்ந்துவிட்டார்கள். அங்கிருந்து அவர்களைச் செவிக்கு அழைத்து வரும் மூன்று முழ வயரைப் பற்றியதே இக்கட்டுரை. 'காதொலிப்பான்' என்று எழுதினால் தமிழாசிரியர் மகிழ்வார். ஆனால் கடைத்தெருவில் 'ஹெட்செட்' என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். நானும் கடைக்காரர் பக்கமே நின்றுகொள்கிறேன்.

வடசென்னைவாசிக்கு இதைத் தேர்ந்தெடுப்பது அவ்வளவு எளிதன்று. காரணம், நம் பகுதியின் ஓசை. தென்னகத்தின் முதல் இரயில் 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. அன்று தொடங்கிய இரைச்சல் இன்னும் நின்றபாடில்லை! துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன், எண்ணூர் விரைவுச் சாலையில் தடதடத்துப் போகும் ட்ரெய்லர்கள், கும்மிடிப்பூண்டி மின்சார இரயிலின் திறந்த சன்னல் வழியே வந்து மோதும் சக்கர ஒலி, இவற்றுக்கு நடுவே ஒரு பேராசிரியரின் பதிவு செய்த விரிவுரையைக் கேட்க வேண்டும் என்றால் என்ன செய்வோம்? வால்யூமைக் கூட்டுவோம். கொருக்குப்பேட்டையில் பாதியில் இருந்தது திருவொற்றியூர் வருவதற்குள் முழுதாகிவிடும். கைப்பேசி திரையில் எச்சரிக்கை காட்டும். 'சரி' என்று அதன் தலையில் தட்டிவிட்டு மேலும் கூட்டுவோம்.

அதனால் என்ன வரும் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் தந்தையார் இந்தப் பகுதி ஆலை ஒன்றின் பிரஸ் ஷாப்பில் இருபத்தாறு ஆண்டுகள் தகடு அடித்தவர். காதடைப்பான் கொடுத்தார்களா என்று ஒருநாள் கேட்டேன். "பஞ்சு இருந்துச்சுடா" என்றார். இன்று அவருக்கு லாரிச் சத்தம் கேட்கும், இடி கேட்கும். என் அக்காள் தொலைபேசியில் பேசினால் மட்டும், "வாய்க்குள்ளயே பேசுறா, நீயே என்னான்னு கேளு" என்று கைப்பேசியை என்னிடம் நீட்டுவார். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பரிசோதித்தபோது எடுத்த வரைபடத்தில், 4000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. ச, ஸ, த போன்ற மெல்லிய ஒலிகளும் பெண்களின் குரலின் தெளிவும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. உட்செவியிலுள்ள நுண்மயிர் அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை என்று மருத்துவர் விளக்கினார். இரைச்சலால் வரும் கேள்விக் குறையை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தொழில்நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பதே விதிகள் வகுத்த எல்லை. தந்தையாருக்குச் சம்பளம் கொடுத்து வாங்கியதை நாம் காசு கொடுத்து வாங்கிக்கொள்வதா?

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வரையறையின்படி, கையடக்கக் கருவிகளில் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி. 90ஐ எட்டினால் வாரத்துக்கே ஏறத்தாழ 4 மணிதான். இரயிலில் போய் வரும் நேரத்திலேயே அது தீர்ந்துவிடும் அன்றோ? எனவே நான் தேடியது உரக்கப் பாடும் கருவியை அன்று; மெல்லப் பாடினாலும் கேட்கும்படி வெளியோசையைத் தடுக்கும் கருவியை.

தேடிப் போன இடம் பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பிய நம் மக்களுக்காக 1969இல் கடற்கரை இரயில் நிலையத்தை ஒட்டி உருவான கடைவரிசை அது. எங்கள் பெரியவர்கள் டிரான்சிஸ்டர், டேப் ரிக்கார்டர் என்று வெளிநாட்டுச் சரக்குக்காக முண்டியடித்த இடத்தில் இன்று கைப்பேசி உறைகளும் சார்ஜர்களும் தொங்குகின்றன.

"அண்ணே, ஐந்நூறுக்குள்ள ஹெட்செட் வேணும்."

"இத எடுத்துக்க தம்பி. பேஸ் சும்மா அதிரும்!"

அதிர்வதற்கு நமக்குத்தான் இரயில் இருக்கிறதே! பெட்டியைப் புரட்டினேன். '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்று அச்சிட்டிருந்தது. எந்தப் பெட்டியை எடுத்தாலும் இதே எண்கள்தாம். எந்த ஒலியை எவ்வளவு ஏற்றத்தாழ்வோடு தரும் என்று சொல்லாதவரை அதற்குப் பொருளே இல்லை. உள்ளே இருக்கும் ஒலித்தகட்டின் மில்லிமீட்டர் கணக்கும் அப்படித்தான். பெரிதாக இருப்பதாலேயே நன்றாக ஒலித்துவிடாது. மின்தடை 16 அல்லது 32 ஓம் என்றிருந்தால் கைப்பேசி அதைத் தடுமாறாமல் இயக்கும். பெட்டியில் இவ்வளவு பார்த்தால் போதும் என்பது என் எண்ணம்.

பார்க்க வேண்டியது பெட்டிக்கு வெளியே, நம் காதில் இருக்கிறது. காதின் வாயிலில் சும்மா தொங்கும் பழைய வகையைத் தள்ளிவிட்டு, துளைக்குள் நுழைந்து அடைக்கும் ரப்பர் முனை உள்ள வகையைக் கேட்க வேண்டும். அதனோடு சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று சோடி முனைகள் தருவார்கள். நம்மில் பெரும்பாலோர் மாட்டியிருக்கும் நடு அளவையே கடைசி வரை போட்டுக்கொண்டு மற்ற இரண்டையும் பெட்டியோடு எறிந்துவிடுகிறோம். முனை சரியாக அடைக்காவிட்டால் முதலில் கசிந்து ஓடுவது தாழ்ந்த ஒலிதான். 'இதில் பேஸ் இல்லை' என்று நாம் குறைகூறி வால்யூமைக் கூட்டுகிறோம். சரியாகப் பொருந்தியதா என்று அறிய எளிய வழி உண்டு. முனையை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். குடத்துக்குள் பேசுவதுபோல் உங்கள் குரல் உங்களுக்கே முழங்கினால் அடைப்பு சரி. எனக்கு இடக்காதில் நடுத்தரமும் வலக்காதில் சிறியதும்தான் பொருந்தின. இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டுமென்ற சட்டம் இல்லை!

வயரா, வயரில்லாததா என்ற கேள்வி அடுத்து வந்தது. நண்பர்கள் பலர் புளூடூத் கட்சி. ஐந்நூறு ரூபாயில் பேட்டரிக்கும் வானொலிச் சில்லுக்கும் ஒரு பங்கு போய்விட்டால் ஒலிக்கு என்ன மிஞ்சும்? அந்தப் பேட்டரியும் இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். கூட்ட நேரத்தில் வாசலோரம் நிற்பவன் காதிலிருந்து ஒரு மொட்டு நழுவினால் தண்டவாளத்தில் தேட வேண்டியதுதான். வெளியிரைச்சலை எதிரொலியால் அழிக்கும் வகை இப்போது ஓரளவு மலிந்திருக்கிறது. ஆயினும் இரயிலின் சீரான உறுமலை அது தணிக்கும் அளவுக்குத் திடீரென அலறும் ஹாரனைத் தணிக்காது. நான் வயர் கட்சிதான். வயரிலும் ஒரு தொல்லை உண்டு. நடக்கும்போது சட்டையில் உரசும் ஓசை காதுக்குள் கேட்கும். வயரைக் காதின் மேல்புறமாகச் சுற்றி விட்டால் அது பெரிதும் குறைகிறது.

வயர் முதலில் அறுவது பின்னுக்கு அருகிலும், இரண்டாகப் பிரியும் இடத்திலுந்தான். நானூறு ரூபாய்ச் சுற்றில் விற்கும் போட் பாஸ்ஹெட்ஸ் 100 போன்றவற்றில் வயர் அறுந்தால் கதை முடிந்தது. சீனத்திலிருந்து வரும் கே.இசட். போன்றவற்றில் வயரைத் தனியே கழற்றி மாற்றலாம். விலை சற்றுக் கூடினாலும் எனக்கு அதுவே சிக்கனமாகப் பட்டது. கைப்பேசியில் 3.5 மில்லிமீட்டர் துளை உண்டா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். டைப்-சி துளை மட்டும் உள்ளதென்றால் இடையில் ஓர் இணைப்பி தேவைப்படும். அதில் இரண்டு வகை உண்டு. சில்லு இல்லாத மலிவு வகை எல்லாக் கைப்பேசிகளிலும் ஒலிக்காது. ஒலிமாற்றிச் சில்லு உள்ளதைக் கேட்டு, கடையிலேயே சொருகிப் பார்த்து வாங்குவது நலம்.

இவ்வளவு நன்றாகக் காதை அடைக்கும் கருவிக்கு ஓர் ஆபத்தும் உண்டு. ட்ரெய்லர் வருவதும் கேட்காது. சாலையையோ தண்டவாளத்தையோ கடக்கும்போது நான் இரண்டையும் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்கிறேன். ஒரு காதில் மட்டும் விட்டுவைப்பது போதாது. ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அறிய இரண்டு காதும் வேண்டும்.

அதே வகையில் இன்னொரு சோடி, வயரில் மைக் உள்ளதாகப் பார்த்து, தந்தையாருக்கும் வாங்கினேன். அவருக்கு உரிய பரிகாரம் செவித்துணைக் கருவிதான். மருத்துவரும் அதையே சொல்லியிருக்கிறார். அதற்கான ஏற்பாடு நடந்து வருகிறது. அதுவரை தொலைபேசிக்கு மட்டும் இது. அவருடைய வலக்காது இடக்காதைவிட மோசம். கைப்பேசியின் அமைப்புகளில் 'அணுகல்தன்மை' என்ற பகுதிக்குள் போனால், இரு பக்க ஒலியையும் ஒன்றாக்கும் 'மோனோ' வசதியும், இடம் வலம் அளவைத் தனித்தனியே நகர்த்தும் கோடும் இருக்கின்றன. அவற்றைச் சரிசெய்து, பெரிய முனையை மாட்டிக் கொடுத்தேன். இப்போதெல்லாம் அக்காள் பேசினால் அவர் கைப்பேசியை என்னிடம் நீட்டுவதில்லை. வயரில் விழுந்த சிக்கலை எடுக்க மட்டும் கூப்பிடுகிறார்.