கோரையும் எழுத்தும்

இங்கிலாந்தின் 1988ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகிய மூன்றையும் மையப் பாடங்கள் என்றும், வரலாறு, புவியியல், ஓவியம், இசை முதலியவற்றைப் பிற அடித்தளப் பாடங்கள் என்றும் வகுத்தது. நம் தொடக்கப் பள்ளிகளில் அப்பெயர்கள் இல்லை, நிலைமை ஒன்றே. தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது ஓவிய வகுப்பு.

நாம் பத்தமடையில் பாய் நெய்யும் குடும்பத்தில் பிறந்தோம். பள்ளி செல்லாத எம் உம்மா, மணமக்களின் பெயர்களைத் தாளில் எழுதி வாங்கி, ஓர் எழுத்துக்கு இத்தனை பாவு நூல் என எண்ணிப் பாயில் நெய்வார். நேர் நூலில் தமிழெழுத்தின் வளைவுகளைக் கொணர்வது எளிதன்று. அதில் கணக்கு உண்டு, ஓவியம் உண்டு, கோரை வளர்ந்த தாமிரபரணிக் கரையின் புவியியலும் உண்டு. பள்ளியிலோ ஆற்றின் பெயரை மனப்பாடம் செய்தோம். சாயம் படிந்த விரல்களுக்காக அடியும் வாங்கினோம். எம் வீட்டுக் கோரை அவ்வாற்றங்கரையது என்று ஆசிரியர் எவரும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

1937இல் வார்தா கல்வி மாநாடு அமைத்த குழு, டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில், கைத்தொழிலை நடுவாக வைத்துப் பிற பாடங்களை அதனோடு இணைக்கும் ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தளித்தது. அவ்விணைப்பு இயல்பாய் அமைதல் வேண்டும். வாய்பாட்டை மெட்டமைத்துப் பாடுவதால் இசைக்கல்வி ஆகிவிடாது. அங்கே இசை கணக்குக்குக் கூலிவேலை செய்கிறது. பாய் நெய்பவருக்கோ எண் பிழைத்தால் எழுத்தும் பிழைத்துவிடும்.

ஒருமுறை நூலெண்ணிக்கை தவறி, மணமகன் பெயரில் ஒரு கால் விடுபட்டது. உம்மா அதுவரை நெய்ததைப் பிரித்தார். எம்மை அருகமர்த்தி, மீண்டும் எண்ணச் சொன்னார்.