சாய்ந்த ஏழு

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் தங்கையின் மகன் இராயபுரத்தில் உள்ள எங்கள் வீட்டிற்கு வந்தான். திருவொற்றியூரில் 1964-ஆம் ஆண்டு புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்று விலைக்கு இருப்பதாகவும், "ஒரு திருகாணிகூட மாறாத அசல் வண்டி" என்று விற்பவர்கள் சொல்வதாகவும், நான் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டான். எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்கூடம் ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவன் நான். பழைய வண்டி வாங்குவோர் என்னை அழைத்துப் போவது வழக்கம். "சரி, வருகிறேன்" என்றேன்.

இராயப்பரின் பெயரால் அமைந்தது எங்கள் இராயபுரம் என்பர். இங்கிருந்து கடலோரமாக வடக்கே செல்லும் சாலை, இந்திய மோட்டார் தொழிலின் பிள்ளைப் பருவத்தைக் கண்ட சாலை. 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், மறு ஆண்டே எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கியது. 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் அமைந்தது. இங்கிலாந்தின் ரெடிச் நகரிலிருந்து பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டியே முதலில் புல்லட் செய்தார்கள். பின்னர் ஒவ்வொரு பாகமாக இங்கேயே வார்க்கவும் கடையவும் கற்றுக்கொண்டார்கள். 1962 அளவில் எல்லாப் பாகங்களும் இங்கேயே உருவாயின. 1970-இல் இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மூடப்பட்டது. திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து பிறந்தது. 1977 முதல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆனது. தாயகத்தில் அணைந்துபோன விளக்கு, நம் கடற்கரையில் எரிந்தது.

வழியெல்லாம் மருமகனுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே போனேன். அசல் எது, ஒட்டுவேலை எது என்று அறிவதற்குப் பெரிய கருவிகள் வேண்டா. ஒரு சிறு காந்தமும், கைவிளக்கும், பொறுமையும் போதும். மட்கார்டின் மீதும் பெட்ரோல் டாங்கின் மீதும் காந்தத்தை மெல்ல நகர்த்த வேண்டும். இரும்புத் தகட்டில் அது இறுகப் பற்றும். நசுங்கிய இடத்தில் கனமாகப் பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருந்தால் பிடி தளரும். டாங்கின் மீதுள்ள பொன்னிறக் கோடுகளைக் கவனிக்க வேண்டும். ஆலையில் அவற்றைத் தூரிகை பிடித்துக் கையால் இழுத்தார்கள். ஆகவே கோடு ஓரிடத்தில் மயிரிழை தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். அணுவளவும் பிசகாத கோடு ஒட்டுத்தாளாக இருக்கலாம். பழைய வண்டியின் மரைகள் ஆங்கில அளவில் அமைந்தவை. மெட்ரிக் ஸ்பானர் கச்சிதமாகப் பொருந்தும் நட்டு, பிற்காலத்தில் வந்தது.

இவற்றுக்கெல்லாம் மேலானவை எண்கள். சட்டத்தில் ஓர் எண், எஞ்சினில் ஓர் எண். இரண்டும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும். ஒத்திருந்தாலும் போதாது, எண் அடித்த இடம் சுற்றியுள்ள உலோகத்தைவிடச் சற்றே பள்ளமாகவோ வேறு பளபளப்போடோ இருந்தால் ஐயுற வேண்டும்.

"ஏன் மாமா இவ்வளவு எண்களைப் பார்க்கிறார்கள்?" என்று கேட்டவன், தானே விடையும் சொன்னான். மைய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டி, சட்டத்திலும் உடற்கூட்டிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருந்தால், பழம்பெரும் வண்டியாகப் பதிவு பெறலாம். அதற்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி எண் உண்டு. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். அவன் அதை மனத்தில் வைத்தே இரண்டரை லட்சம் வரை கொடுக்கத் துணிந்திருந்தான்.

வீட்டு வாசலில் இறங்கியதும் என் நெஞ்சு ஒருகணம் நின்றது. அது என் பழைய தோழனின் வீடு. அவன் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. "வாங்க அண்ணா" என்று அவன் மனைவி வரவேற்றார். வண்டியைத் துடைத்து மெருகேற்றி முற்றத்தில் நிறுத்தியிருந்தான் அவர்கள் மகன்.

காந்தம் எங்கும் இறுகப் பற்றியது. கோடுகள் கையால் இழுத்தவை. கியர் வலப்புறம், பிரேக் இடப்புறம், முகப்பு விளக்கின் மேலே அம்மீட்டர்: யாவும் அதனதன் இடத்தில் இருந்தன. சட்டத்தின் கழுத்தில் இருந்த எண் தெளிவாக ஒத்தது. பின்பு மண்டியிட்டு, சிலிண்டருக்குக் கீழே இடப்புற கிராங்க் கேஸின் மீது கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். எண் ஒத்தது. ஆனால் அதில் வந்த இரண்டு ஏழுகளும் வலப்புறம் சற்றே சாய்ந்திருந்தன.

அந்தச் சாய்வை எனக்குத் தெரியும். அது என் கையின் சாய்வு.

1979-இல் அந்த வண்டியின் கனெக்டிங் ராடு முறிந்து கிராங்க் கேஸைப் பிளந்துவிட்டது. கிராங்க் கேஸின் இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தக் கடையப்படுவன. ஆகையால் சோடியாகவே வாங்க வேண்டும். புதியது வாங்க நண்பனிடம் பணம் இல்லை. புதுப்பேட்டையில் பழைய இரும்புக் கடையொன்றில் ஒரு சோடி கிடைத்தது. அதில் வேறோர் எண் இருந்தது. போக்குவரத்து அலுவலகத்திற்கு அலைய வேண்டுமே என்று, அந்த எண்ணை நான் அரத்தால் இழைத்து, உப்புத்தாள் போட்டு, நம்பர் பஞ்சால் பழைய எண்ணை அடித்தேன். ஏழு அடிக்கும்போது மட்டும் என் மணிக்கட்டு எப்போதும் சாயும். நான் அழித்த எண் எந்த வண்டியுடையது, அதற்கு உரியவர் யார், அது எவ்வழியாகக் கடைக்கு வந்தது என்று நான் கேட்கவே இல்லை. ஏழை நண்பனுக்கு உதவினேன் என்ற நிறைவோடு அன்று உறங்கினேன்.

"எப்படி மாமா?" என்றான் மருமகன். தோழனின் மனைவி கதவருகே நின்றிருந்தார். மகளின் படிப்புக்காக விற்கிறார்கள் என்பதை வரும்போதே அறிந்திருந்தேன். "அசல்தான்" என்ற ஒரு சொல் போதும். எவரும் அறியமாட்டார்கள். மறுத்துச் சொன்னால் ஒரு கைம்பெண்ணின் கையிலிருந்து பணத்தைத் தட்டிவிடுகிறேன். சொல்லாவிட்டால் என் தங்கை மகனை ஏமாற்றுகிறேன். இரண்டுக்கும் நடுவே, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் என் கை செய்த காரியம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் அவரைத் தனியே அழைத்துச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். "அவருக்கும் தெரியுமா அண்ணா?" என்று மட்டும் கேட்டார். "தெரியும், ஆனால் அடித்தது நான்" என்றேன். "அப்படியென்றால் தம்பியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றார். சொன்னேன்.

அன்று இரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. எங்கோ படித்த செய்தி நினைவில் வந்தது. இங்கிலாந்தின் ஜாகுவார் நிறுவனம் 1963-இல் எடை குறைந்த அலுமினிய உடல்கொண்ட பந்தயக் கார்கள் பதினெட்டுச் செய்யத் திட்டமிட்டு, பன்னிரண்டோடு நிறுத்திவிட்டது. மிஞ்சிய ஆறு எண்களையும் இட்டு, 2014-இல் புதிதாக ஆறு கார்களைச் செய்யத் தொடங்கியது. பழைய எண், புதிய உலோகம். நான் செய்ததும் அதுதானே என்று ஒருகணம் மனம் தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தது. இல்லை. அவர்கள் தம் எண்ணைத் தாமே இட்டு, எப்போது செய்தோம் என்பதை உலகறியச் சொன்னார்கள். நானோ பிறருடைய எண்ணை அழித்து, அழித்ததையும் மறைத்தேன். உலோகம் மாறுவது குற்றமன்று. அறுபது ஆண்டு ஓடிய வண்டியில் எதுதான் மாறாது? ரெடிச்சில் பிறந்த புல்லட்டே திருவொற்றியூரில் வேறு கைகளால் உருவாகியும் புல்லட்டாகவே இருக்கவில்லையா? மாறியதை மாறவில்லை என்று சொல்லும் இடத்தில்தான் போலி பிறக்கிறது.

மறுவாரம் மருமகன் வண்டியை வாங்கினான். முன்பு நினைத்த விலைக்கு அன்று, ஆனால் அந்த அம்மையார் மனம் நோகாத விலைக்கு. எந்தெந்தப் பாகம் மூலப் பாகம், எது எப்போது யாரால் மாற்றப்பட்டது என்பதையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதி, கீழே நான் கையொப்பமிட்டேன். அந்தத் தாளோடு இருவரும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குப் போனோம். அதிகாரி படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். முடிவு இன்னும் வரவில்லை. வி.ஏ. எண் கிடைக்காது என்று மருமகன் தேறிவிட்டான். எனக்கு என்ன வரும் என்று தெரியாது. எது வந்தாலும் ஏற்க வேண்டியதே.

அந்த நம்பர் பஞ்சுப் பெட்டி இன்னும் என் மரப்பெட்டியில் இருக்கிறது. தூக்கி எறியலாமா என்று மனைவி கேட்டாள். இருக்கட்டும் என்றேன். பழைய வண்டி பார்க்க யாரேனும் அழைத்தால், புறப்படுமுன் ஒருமுறை அதைத் திறந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.